மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு எலும்புப்புரை: முதலில் என்ன செய்வது, அப்புறம் என்ன செய்வது

"துலாங் மக்சிக் சுடா ராபுஹ்" என்று மிஸ்ஸி, அதாவது நர்ஸ், மலாயில் சொன்னபோது 'துலாங்' மட்டும்தான் என் காதில் விழுந்தது. துலாங் என்றால் எலும்பு. மார்பகப் புற்றுநோய் வந்தவளுக்கு எலும்பு என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: பரவிவிட்டது. எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வந்து மகளிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, தாளில் எழுதியிருந்ததை அவள்தான் எடுத்துப் படித்துவிட்டு, "அம்மா, இது கேன்சர் இல்லம்மா, எலும்பு மெலிஞ்சிருக்குன்னு போட்டிருக்கு" என்றாள். 'ராபுஹ்' என்றால் எளிதில் முறியக்கூடியது.

அந்த இரண்டு நாள் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. 57 வயது, மலேசியத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்து ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவள். நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையது.

1. முதலில் அந்தப் பயத்தைப் பிரித்து வையுங்கள்

எலும்புப்புரை வேறு, புற்றுநோய் எலும்புக்குப் பரவுவது வேறு. எலும்புப்புரையில் எலும்பின் அடர்த்தி குறைகிறது, உள்ளே துவாரங்கள் பெரிதாகின்றன, லேசான அடிக்கே முறியலாம். இதைப் பார்க்கும் ஸ்கேனுக்கு டெக்ஸா என்று பெயர். புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் எலும்பு ஸ்கேன் வேறு. அதற்கு நரம்பில் ஊசி போட்டுச் சில மணி நேரம் காத்திருக்க வைப்பார்கள். டெக்ஸாவுக்கு ஊசி கிடையாது. மேசையில் மல்லாக்கப் படுக்க வேண்டும், ஒரு கை போன்ற கருவி மேலே நகர்ந்து போகும், பத்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

நம் ஆட்கள் இதை 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்லிவிடுவதால் இன்னொரு குழப்பம் வருகிறது. முட்டி தேய்ந்து வலிப்பது மூட்டுத் தேய்மானம். எலும்புப்புரை வலிக்கவே வலிக்காது, முறிகிற வரைக்கும். காலையில் எழுந்ததும் விரல் மடங்காமல் பிடித்துக்கொள்கிறதே, அது பெரும்பாலும் ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரையால் வரும் மூட்டு வலி. அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் வலியை வைத்து எலும்பின் பலத்தை அளக்க முடியாது. எனக்கு இடுப்பில் ஒரு சுளுக்குகூட இருந்ததில்லை, ஸ்கேன் வேறு கதை சொன்னது.

2. தாளில் உள்ள எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டெக்ஸா முடிவில் டி-ஸ்கோர் என்று ஒரு எண் இருக்கும். ஆரோக்கியமான இளம் வயதுப் பெண்ணின் எலும்போடு உங்கள் எலும்பை ஒப்பிட்டுச் சொல்வது அது. மைனஸ் 1 வரை சரி. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்தால் எலும்பு மெலிவு, ஆங்கிலத் தாளில் ஆஸ்டியோபீனியா என்று இருக்கும். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் பெரிதாக ஆக எலும்பு பலவீனம்.

முதுகெலும்புக்கு ஒரு எண், இடுப்பெலும்புக்கு ஒரு எண் தனித்தனியாக இருக்கும். எனக்கு முதுகு மைனஸ் 2.7, இடுப்பு மைனஸ் 1.9. இரண்டையும் தேதியோடு எழுதி வையுங்கள். அசல் தாள் மருத்துவமனை ஃபைலுக்குள் போய்விடும், ஆகவே கையோடு போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனுக்கு முதல் நாள் கால்சியம் மாத்திரை வேண்டாம் என்பார்கள். உலோக ஊக்கு, ஜிப் இல்லாத உடையில் போங்கள். கையில் கட்டிய மஞ்சள் கயிறு இருந்தால் பரவாயில்லை, இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தால் கழற்றச் சொல்வார்கள்.

3. ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

எலும்பைக் காப்பது பெண்களின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். நம்மில் பெரும்பாலோருக்கு வந்த கட்டி அதே ஹார்மோனைத் தின்று வளர்வது. அதனால் அந்த ஹார்மோனைக் குறைக்கிறார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் என்று மூன்று மாத்திரைகளில் ஒன்று. ஐந்து ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும் கொடுக்கிறார்கள். ஹார்மோன் அடியோடு குறையும்போது எலும்பு கரையும் வேகம் கூடுகிறது. கீமோவால் நாற்பது வயதிலேயே மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கும், கருப்பையின் இரு பக்கச் சினைப்பைகளை ஊசி போட்டு உறங்க வைத்தவர்களுக்கும் இதே கதை. டாமாக்ஸிஃபென் கொஞ்சம் வேறு: மாதவிடாய் நின்றவர்களின் எலும்பை அது காக்கிறது, நிற்காத இளம் பெண்களுக்கு எலும்பு சற்றுக் குறையலாம்.

இதில் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் எனக்குப் பழக்கமான ஒரு அக்கா, "அந்த மாத்திர எலும்பத் திங்குதாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு லெட்ரோசோலை நிறுத்திவிட்டார். டாக்டருக்குச் சொல்லவில்லை. மாத்திரையை வாங்கி வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். எட்டு மாதம் கழித்து என்னிடம் ரகசியம் போலச் சொன்னபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அடுத்த அப்பாய்ன்மெண்டுக்கு நானே கூடப் போய் உட்கார்ந்து சொல்ல வைத்தேன். டாக்டர் திட்டவில்லை. வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார், எலும்புக்கும் தனியாக மருந்து எழுதினார். எலும்புக்கு மருந்து இருக்கிறது. அதற்காகப் புற்றுநோய் மாத்திரையைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

4. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

எனக்கு லெட்ரோசோல் ஆரம்பித்தபோது எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று வருடம் ஓடிவிட்டது. புற்றுநோய் டாக்டர் புற்றுநோயைப் பார்த்தார். ஊர் கிளினிக்கில் இனிப்பு நீரையும் (சர்க்கரை நோய்) ரத்த அழுத்தத்தையும் பார்த்தார்கள். எலும்பு இரண்டு கௌண்டருக்கும் நடுவில் கிடந்தது. யாரையும் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது, ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறார்கள். ஆனால் இரண்டு கௌண்டருக்கும் போகிற ஒரே ஆள் நான்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆகவே செய்தியைச் சுமக்க வேண்டியதும் நான்தான்.

பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டு போதும். முதல் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: எந்தப் பக்க மார்பகம், எந்த வருடம் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எத்தனை, இப்போது என்ன மாத்திரை, எந்த மாதத்தில் ஆரம்பித்தது. அடுத்த பக்கத்தில் டி-ஸ்கோர். அதற்கடுத்து எல்லா மாத்திரைகளின் பெயர், தைராய்டு, கேஸ்ட்ரிக் மாத்திரை உட்பட. மகன், மகள், பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது மருந்துப் பையைப் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். பிறகு எந்த டாக்டரிடம் போனாலும் பேச்சுக்கு முன்னால் நோட்டை நீட்டுங்கள். "கோஸோங்" (தகவல் ஒன்றுமில்லை) என்று ஒரு தடவைகூட என்னைத் திருப்பி அனுப்பியதில்லை, அந்த நோட்டு வந்த பிறகு.

அதே நோட்டில் கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதி வையுங்கள். வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகம், தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுத்தாகிவிட்டதா? எனக்கு எலும்பு மருந்து வேண்டுமா? மாத்திரையா, ஊசியா? எத்தனை வருடம்? அடுத்த ஸ்கேன் எப்போது? அம்மாவுக்கோ பாட்டிக்கோ இடுப்பு முறிந்திருந்தால், நீங்கள் எப்போதாவது லேசாக விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தால், ஆஸ்துமாவுக்கோ வேறெதற்கோ ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால், அதையும் சொல்லுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் அதைச் சொல்லத் தவறக் கூடாது. ஸ்கேன் எண் சுமாராக இருந்தாலும் அவர்களுக்கு எலும்பு முறியும் ஆபத்து கூடுதல்.

5. மருந்து தொடங்கும் முன் பல்லைக் காட்டுங்கள்

எலும்பு மருந்துகளில் சிலவற்றால், அபூர்வமாக, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். அபூர்வம்தான், ஆனால் தவிர்க்கக்கூடியது. ஆகவே பிடுங்க வேண்டிய பல் இருந்தால் மருந்து ஆரம்பிக்கும் முன்பே பிடுங்கி ஆறவிட்டுவிட வேண்டும். அரசாங்கப் பல் கிளினிக்கில் செலவு குறைவு. என்ன மருந்து தொடங்கப் போகிறீர்கள் என்று பல் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்து நடக்கும்போதும் பல் பிடுங்கச் சொன்னால் முதலில் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெற்றிலை பாக்குப் பழக்கம் உள்ள நம் அம்மாமார்கள் ஈறு புண் இருந்தால் மறைக்க வேண்டாம்.

6. எலும்பு மருந்துகள்: எதை எப்படி

வாரம் ஒரு முறை மாத்திரை. அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் அதிகம் கொடுக்கப்படுவது. இதைச் சாப்பிடும் முறைதான் முக்கியம். காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். தேத்தண்ணி, கோப்பி, பால் கூடாது. விழுங்கியபின் குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்து உட்காரவோ நிற்கவோ நடக்கவோ வேண்டும், படுக்கக் கூடாது. மாத்திரை உணவுக் குழாயில் தங்கினால் புண்ணாகிவிடும். நான் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டேன். மாத்திரையைப் போட்டுவிட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கூட்டுவேன், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன், அதற்குள் அரை மணி ஆகிவிடும். அப்புறம்தான் தேத்தண்ணி. நெஞ்செரிச்சல், விழுங்க வலி இருந்தால் சொல்லிவிடுங்கள், ஊசிக்கு மாற்றுவார்கள்.

நரம்பில் ஏற்றும் மருந்து, ஸோலெட்ரோனிக் ஆசிட். எலும்புப்புரைக்கு வருடம் ஒரு முறை ஏற்றுவார்கள். மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏற்றுவதும் உண்டு. ஏற்றுவதற்கு முன் சிறுநீரகம் பார்ப்பார்கள். அன்றைக்குத் தண்ணீர் நிறையக் குடியுங்கள். முதல் முறை ஏற்றியபின் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம். டாக்டர் அனுமதித்தால் பெனடோல் (பாராசிட்டமால்) போதும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த வகை மருந்து புற்றுநோய் எலும்பில் திரும்பி வருவதையும் ஓரளவு குறைக்கிறது என்று 2015-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். உங்களுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள், நல்ல கேள்வி.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் ஊசி, டெனோசுமாப். இதைப் பற்றி ஒன்று: தேதி தவறக் கூடாது. இந்த ஊசியைத் திடீரென்று விட்டுவிட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்பில் ஒன்றுக்கு மேல் முறிவு வரலாம். நிறுத்துவதாக இருந்தால் அதற்குப் பின் வேறு மருந்து போட்டுத்தான் நிறுத்துவார்கள். திருவிழா, பிள்ளை கல்யாணம், ஊருக்குப் போவது எதற்காகவும் தள்ளாதீர்கள். காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். காசு இல்லாமல் தள்ளுவதாக இருந்தால், வெட்கப்படாமல் ஊசித் தேதிக்கு முன்னாடியே சொல்லுங்கள். வேறு வழி பார்க்க அவர்களுக்கு நேரம் வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புக்காகக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை நமக்குப் பெரும்பாலும் ஆகாது. வேறு டாக்டர் எழுதிக் கொடுத்தால் நோட்டை நீட்டுங்கள். எந்த எலும்பு மருந்தானாலும் நீண்ட நாள் சாப்பிடும்போது தொடையிலோ தொடை இடுக்கிலோ புதிதாக ஒரு மந்தமான வலி வந்தால் சொல்ல வேண்டும்.

7. சாப்பாடு

50 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 300 இருக்கும். கெட்டிப் பால் ஊற்றிய தே தாரிக்கைப் பால் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் சர்க்கரைதான் அதிகம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிர், மோர்.

மற்றபடி நம் சமையலறையிலேயே இருக்கிறது. கேழ்வரகு மளிகைக் கடையில் கிடைக்கும். 100 கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. முருங்கைக்கீரை தோட்டத்து வேலியிலேயே இருக்கிறது, யாரும் காசு கேட்க மாட்டார்கள். எள்ளுத் துவையல். தெம்பே, தௌஹு (டோஃபு) போல உணவாகச் சாப்பிடும் சோயா பரவாயில்லை, சோயா மாத்திரை வேண்டாம். டின் சார்டினை முள்ளோடு நசுக்கிச் சாப்பிடுங்கள். நெத்திலியைத் தலை கிள்ளி முள் எடுத்துச் சுத்தம் செய்வது நமக்குப் பழக்கம். கால்சியம் இருப்பதே அந்த முள்ளில்தான். சிறு நெத்திலியாக வாங்கி, உப்புப் போக இரண்டு தண்ணீர் அலசி, முழுசாக வறுங்கள். உப்பு அதிகமானால் கால்சியம் சிறுநீரில் போய்விடும் என்பதால் கருவாடு, ஊறுகாயில் கை அடக்கம் வேண்டும். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் உடம்பில் சேர்வது குறைவு.

ஆட்டுக்கால் சூப். நான் எலும்புப்புரை என்று சொன்ன வாரத்தில் மூன்று வீட்டிலிருந்து வந்தது. அன்பாகக் கொண்டு வந்தார்கள், ஆசையாகக் குடித்தேன். ஆனால் எலும்பிலிருந்து சூப்பில் இறங்கும் கால்சியம் மிகக் குறைவு. உடம்புக்கு இதமாக இருக்கும், மருந்தென்று நம்பிவிடாதீர்கள். பிரண்டைத் துவையலும் அப்படித்தான்: சமைத்துச் சாப்பிடலாம், பிரண்டைப் பொடி, மாத்திரை என்று விற்பதை டாக்டருக்குக் காட்டாமல் தொடாதீர்கள். வீடு வீடாக வந்து "எலும்புப் பால் பவுடர்" விற்பவர்களிடம் ஒரு டின்னுக்குக் கொடுக்கும் காசில் ஒரு மாதத்துக்குப் பாலும் முட்டையும் வாங்கலாம். முட்டை, பருப்பு, மீன், கோழி குறையக் கூடாது. தசை இல்லாவிட்டால் எலும்பைத் தாங்க ஆளில்லை.

கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தால் ஒரே நேரத்தில் 500-க்கு மேல் வேண்டாம், பிரித்துச் சாப்பிடுங்கள். கார்போனேட் வகையைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் உள்ளே ஏறாது. வெயில் கொளுத்தும் நாட்டில் அது எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நம் கருத்த தோலுக்கு வெயில் கூடுதல் நேரம் வேண்டும், வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர்களோ நீளக் கை சட்டை, தலைத்துணி, பூட்ஸ் என்று மூடிக்கொண்டு போகிறார்கள். ஒன்பது, பத்து மணி வெயிலில் கை கால் படும்படி கொஞ்ச நேரம் நில்லுங்கள், தோல் சுடும்வரை வேண்டாம். ரேடியேஷன் கொடுத்த இடத்தை மூடிக்கொள்ளுங்கள். ரத்தத்தில் குறைவென்றால் வெயிலை நம்பி உட்காராமல் மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டியதுதான்.

8. உடம்பை எப்படி அசைப்பது, எதைச் செய்யக் கூடாது

எலும்பு மெலிந்துவிட்டது என்றதும் வீட்டில் எல்லாரும் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். அது தப்பு. பாரம் படாத எலும்பு இன்னும் கரையும். தினம் அரை மணி நேரம் நடக்கலாம்; திடல் தூரமென்றால் வீட்டு வரிசையைச் சுற்றி வந்தாலும் நடைதான். அதோடு, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. சோறு வேகும் நேரத்தில் ஒற்றைக் காலில் நில்லுங்கள், ஒரு கை மேடையில் இருக்கட்டும். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்கும் பழக்கம் உள்ளவர்கள் பிசியோவைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டுங்கள்.

முதுகெலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்துக் குனியும் வேலையைக் குறைக்க வேண்டும். யோகா வகுப்பில் முழங்காலில் தலையை முட்டும் ஆசனங்கள், இடுப்பைப் பலமாகத் திருகுவது வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே மனசு கேட்பதில்லை. நாள் முழுக்கக் குனிந்து பொறுக்கி, நிறைந்த மூட்டையைத் தூக்கிப் போடும் வேலை அது. உர மூட்டையும் அப்படித்தான். டாக்டரிடம் உங்கள் வேலையை 'தோட்ட வேலை' என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை கிலோ தூக்குகிறீர்கள், எத்தனை மணி நேரம் குனிகிறீர்கள் என்று சொல்லுங்கள். லேசான வேலை கொடுக்கும்படி கடிதம் கேளுங்கள், அதைத் தோட்ட ஆபீசில் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பத்து கிலோ அரிசி மூட்டைக்குப் பதில் ஐந்து கிலோவாக வாங்குங்கள். தூக்கும்போது முட்டியை மடக்கி, பொருளை வயிற்றோடு அணைத்து எழுந்திருங்கள். கோலம் போடுவதை நான் விடவில்லை. சின்ன முக்காலியில் உட்கார்ந்து போடுகிறேன்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருந்தேன், ஈப்போ கல்லுமலைக்கு. தலையில் பாரம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். ஒரு வருடம் அதை நினைத்து ஆறாமல் கிடந்தேன். கடைசியில் கோயிலில் கேட்டேன். சிறு செம்பில் பாலைக் கையில் ஏந்தி நடந்தால் போதும் என்றார்கள். அப்படியே நடந்தேன், மகள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

உருவி விடுகிறவரிடம் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. முதுகை அழுத்தி நீவுவது, மேலே ஏறி மிதிப்பது வேண்டவே வேண்டாம். எண்ணெய் தடவி லேசாகத் தேய்ப்பதோடு நிற்கட்டும்.

9. விழாமல் இருப்பது

மருந்து, பால், நடை எல்லாம் செய்து குளியலறையில் வழுக்கி விழுந்தால் அத்தனையும் வீண். நம் வீடுகளில் விழும் இடம் பெரும்பாலும் ஒன்றே: சிமெண்டுத் தொட்டிப் பக்கம், சவர்க்காரத் தண்ணீர் தங்கிப் பாசி பிடித்த தரை. வாரம் ஒரு முறை பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், ரப்பர் பாய் போடுங்கள், ஹார்ட்வேர் கடையில் பிடிகம்பி வாங்கிச் சுவரில் அடியுங்கள். டவல் மாட்டும் கம்பி ஆளைத் தாங்காது, அதைப் பிடிப்பதை நம்பாதீர்கள். குந்தி உட்காரும் கழிவறையென்றால் இரு பக்கமும் பிடி வேண்டும்.

கைலி தரையில் இழுபடுகிறதா என்று பாருங்கள். தேய்ந்த ஜப்பான் சிலிப்பரைத் தூக்கிப் போடுங்கள். வாசலுக்கு முன்னால் கால்வாய்மேல் பலகை போட்டிருந்தால் அதை ஆடாமல் அடித்து வையுங்கள், மழை பெய்த அன்று அதில் நடக்காதீர்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு எரியட்டும். பட்டணத்தில் கடைத்தெரு அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையில், ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் படி உயரம் மாறும், பேசிக்கொண்டே நடக்கும்போதுதான் தடுக்கும்.

கீமோவுக்குப் பின் பாதம் மரத்துப் போனவர்கள் இன்னும் கவனம். பாக்லிடாக்சல், டோசிடாக்சல் வாங்கியவர்களுக்கு இது வரும். தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது. எனக்குச் சிலிப்பர் கழன்றது தெரியாமல் பத்தடி நடந்திருக்கிறேன். பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு வாங்குங்கள். ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிட்டுத் தலை சுற்றினால் சொல்லுங்கள். கண்ணில் புரை இருந்தால் தள்ளிப் போடாமல் எடுத்துவிடுங்கள்.

10. செலவு

மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். ஆனால் டெக்ஸா இயந்திரம் எல்லா மருத்துவமனையிலும் இல்லை, காத்திருப்பும் நீளம். கடிதம் கையில் கிடைத்த அன்றே தேதி வாங்கிவிடுங்கள். சில மருந்துகளை வெளியில் வாங்கச் சொல்லலாம். அப்போது "கெர்ஜா சோசியல் பெருபாத்தான்" (மருத்துவச் சமூகநலப் பிரிவு) அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். உதவிக்கு வழி காட்டுவது அவர்களின் வேலை, பிச்சை இல்லை. 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டம், எஸ்.டி.ஆர். என்ற அரசாங்கப் பண உதவி பெறுபவர்கள், அவர்கள் துணை என 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரியது. அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1000 ரிங்கிட் வரையும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் அதில் ஒதுக்கியிருந்தார்கள். இப்போதைய விதிமுறையைக் கௌண்டரில் கேளுங்கள். 1966-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சங்கமும், 1986-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் நலச் சங்கமும் நம் போன்றவர்களுக்கென்றே இருப்பவை.

11. எப்போது காத்திருக்கக் கூடாது

மூட்டை தூக்கியபோதோ, தும்மியபோதோகூட, முதுகில் திடீரென்று சுருக்கென்ற வலி பிடித்து நிற்கவே முடியவில்லை என்றால் முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம், எக்ஸ்ரே வேண்டும். வாரக் கணக்கில் ஒரே இடத்தில் நீடிக்கும், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலியை "புரைதான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். புற்றுநோய் டாக்டருக்குத் தெரிய வேண்டும். முதுகு வலியோடு கால் பலமிழந்தால், மரத்தால், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனால், அன்றைக்கே அவசரப் பிரிவு. கிழமை பார்க்காதீர்கள், பிள்ளைகள் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விழுந்தபின் ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் தூக்கி உட்கார வைக்காமல் 999 அழையுங்கள்.

12. உயரத்தை அளங்கள், ஸ்கேனை மறக்காதீர்கள்

எங்கள் வீட்டு நடு அறைக் கதவு நிலையில் பிள்ளைகள் வளர்ந்தபோது போட்ட பென்சில் கோடுகள் இருக்கின்றன. அதே நிலையில் இப்போது எனக்கும் ஒரு கோடு. பொங்கலுக்கு ஒரு முறை, செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் ஒட்ட நிற்பேன், மகள் தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்துக் கோடு போடுவாள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வலியே இல்லாமல் முதுகெலும்பு நசுங்குவதுண்டு.

அடுத்த டெக்ஸா ஒன்று, இரண்டு வருடத்தில் எடுப்பார்கள். முடிந்தால் அதே இடத்தில், அதே இயந்திரத்தில் எடுங்கள். இயந்திரம் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். பழைய தாளைக் கொண்டு போங்கள். எண் ஏறவில்லையே என்று மனசு விடாதீர்கள். லெட்ரோசோல் சாப்பிடும்போது எண் இறங்காமல் நிற்பதே மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் என்று டாக்டர் சொன்னார். போன முறை எனக்கு முதுகு மைனஸ் 2.7-லிருந்து மைனஸ் 2.4 ஆனது, இடுப்பு அதே மைனஸ் 1.9. கதவு நிலைக் கோடு மூன்று வருடமாக ஒரே இடத்தில் இருக்கிறது.